மதிலுக்கு மேலால் வந்த புகை

காற்றில் புகை எப்படிப் பரவுகிறது என்பது பற்றிய தடித்த புத்தகமொன்றை விலைக்கு வாங்கி, கணக்குகள் வந்த பக்கங்களையெல்லாம் தாண்டிக் குதித்து, விளங்கியவன்போலப் பலரிடம் கதைத்துத் திரிகிறேன். இதைச் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. சிறுவயதில் ஒரு புகை என்னைப் பொய்யனாக்கியது. அதன்மேல் வழக்குப்போட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிவீடு ஒன்றின் பின்புறத்து அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். மதிலுக்கு அந்தப்பக்கம் பழைய டயர்களைப் புதுப்பிக்கும் பட்டறை. மிஞ்சிய ரப்பரை அங்கேயே எரித்தார்கள். பட்டறை வீட்டுக்காரரின் தம்பியுடையது. அம்மாவுக்கோ தொய்வு. புகை வந்தால் கட்டிலில் குந்தி, கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றுக்குள்ளிருந்து இழுப்பதுபோல இழுப்பா.

ஒருநாள் அம்மாவின் உதடு நீலம் பாரித்ததைக் கண்டு, அப்பா கோபத்தில் மாநகரசபைக்குப் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டார். கோபம் ஆறிய பிறகுதான் அங்கிருந்து அதிகாரி வந்தார்.

அன்றைக்கு அம்மா முகம் கழுவி, பவுடர் பூசி, நல்ல சேலை கட்டியிருந்தா. வீட்டுக்குப் பெரிய மனிதர் வரும்போது நோயாளியாகத் தெரிவது மரியாதையில்லை என்பது எங்கள் சனத்தின் எண்ணம், அவர் வருவதே அந்த நோயைப் பார்க்கத்தான் என்றாலும். அக்கா கேக்கும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தா. மேலே பல்கனியில் வீட்டுக்காரர் நின்றார். அவரும் மணம் பிடித்துப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

பட்டறையில் எரிந்துகொண்டுதான் இருந்தது. முற்றத்திலோ வெறும் உப்புக்காற்று. அதிகாரி மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, மணமொன்றும் இல்லையே என்று சிங்களத்தில் சொன்னார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் ஒழுங்கையால் திரும்பியதும், யாரோ மதிலுக்கு மேலால் கவிழ்த்து ஊற்றியதுபோலப் புகை இறங்கியது. அம்மா இருமத் தொடங்கினா. நான் ஓடினேன். காலி வீதி பஸ் தரிப்பில் அவரைப் பிடித்து, என் அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சிக் கூட்டிவந்தேன். நல்ல மனிதர், வியர்க்க வியர்க்க வந்தார். முற்றத்துக் காற்று அப்போதுதான் கழுவிக் காயப்போட்டதுபோல இருந்தது.

நிலத்துக்குக் கிட்ட காற்று நேராக வருவதில்லை என்கிறது புத்தகம். மதில், மாமரம், தண்ணீர்த் தாங்கி என்று கண்டதிலெல்லாம் முட்டிச் சுழித்து, புகையை நார்நாராகக் கிழிக்கிறது. நிற்கிற அதே இடத்தில் ஒரு கணம் மூச்சு முட்டும், அடுத்த கணம் ஒன்றுமே இராது. நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால் பயப்படத் தேவையில்லை என்றுகூட வரலாம். தொய்வுக்காரர் சராசரியைச் சுவாசிப்பதில்லை.

அதிகாரி அம்மாவிடமே கேட்டார், புகையால் கரைச்சல் ஏதும் உண்டா என்று. அம்மா ஒருதரம் மேலே பார்த்தா. பிறகு சிரித்துக்கொண்டு, "மொக்குத் நே, மாத்தயா" என்றா. ஒன்றுமில்லையாம்.

"அம்மா, இப்பதானே இருமினீங்கள்" என்றேன்.

"வாயைப் பொத்து" என்றார் அப்பா.

அதிகாரி என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் முழுக்க அம்மா இழுத்தா. அக்கா முதுகைத் தடவிக்கொண்டிருந்தா. நான் படியில் இருந்தேன். எனக்குக் கோபமெல்லாம் காற்றோடுதான். அம்மா ஏன் மேலே பார்த்தா என்று யோசிக்கத் தோன்றவேயில்லை.

அதே அனெக்ஸில், அதே கட்டிலில்தான் அம்மாவின் மூச்சு நின்றது.

இப்போது அக்கா நுகேகொடையில். போன கிழமை அவவின் குசினியில் நின்று, காற்றின் சுழிப்பு, புகையின் நார், அதிகாரி கொஞ்சம் பிந்தி வெளிக்கிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையெல்லாம் விரிவாக விளக்கினேன். அக்கா வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டா.

"புகைக்குள்ளை நிண்டிருந்தாலும் அம்மா அதைத்தான் சொல்லியிருப்பா. வீட்டுக்காரன் மேலை நிண்டு கேட்டுக்கொண்டெல்லே நிண்டவன். அவன் எங்களை வீட்டாலை எழுப்பிவிட்டா, அந்த நேரம் தமிழாக்களுக்கு வேறை ஆர் வீடு தாறது? தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிறாய்."