நடராஜன் போட்டிருந்த கோட்டு

காஜா பெராங் வட்டாரத்தில் பாக்கியலட்சுமியின் வீட்டு முன்னறைக்கு இறந்தவர்கள் பலவிதமாக வந்து சேர்வார்கள். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நின்றவர், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் பாதி மறைந்தவர், அடையாள அட்டையில் திருதிருவென விழிப்பவர். தனியாக எடுத்த நல்ல படம் பெரும்பாலும் இருக்காது. நாளிதழில் நினைவஞ்சலி போட வரும் குடும்பம் அந்தப் படத்தை நீட்டும்போதே சொல்லிவிடும்: "ஒரு கோட்டு போட்டுக் குடுங்கக்கா."

பாக்கியம் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கோட்டின்மேல் பொருத்துவாள். லாரி ஓட்டியவரும் பசாரில் மீன் விற்றவரும் கருநீலக் கோட்டும் அரக்கு நிற டையுமாக நாளிதழுக்குப் போவார்கள். முகத்தின் நிறமும் கழுத்தின் நிறமும் ஒன்றாகும்வரை அவள் விடமாட்டாள். காதோர நரைமுடியைக்கூடத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பாள். யாரும் சொல்லித் தந்ததில்லை. ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கணினி வந்ததும் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டது. முதலாளி அச்சகத்தை மூடியபோது அங்கிருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளை ஒரு குறுந்தட்டில் எடுத்துவந்தாள். ஒரு மடிக்கணினி வாங்கி, வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோட்டு ஒன்றுதான். அது அவள் தம்பி அப்பாசாமியுடையது. அவன் கல்யாண விருந்தில் எடுத்த படம். யாரோ குத்திவிட்ட ரோஜாவை அவன் பிடுங்கிப் போட்டதில் கோட்டின் இடது மடிப்பு சற்றுத் தூக்கிக்கொண்டிருக்கும். காலரை ஒட்டிக் கழுத்தில் ஒரு மச்சம். கல்யாணமான அடுத்த வருடம் மோட்டார்சைக்கிளில் போனவன் வீடு திரும்பவில்லை. பாக்கியம் செய்த முதல் நினைவஞ்சலி அவனுக்குத்தான். அதற்குப் பிறகு வந்த ஆண்கள் எல்லாருடைய முகத்தையும் அவன் கழுத்தின்மேல்தான் வைத்தாள். ஒவ்வொரு படத்திலும் அந்த மச்சத்தை அழிப்பது கடைசி வேலை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பழைய தமிழ் மென்பொருளால் ஒரு தொல்லை இருந்தது. வைரஸைத் தடுக்கக் கணினியில் இருந்த காவல் மென்பொருள், அதைக் கண்டாலே வைரஸ் என்று தூக்கி எறிந்துவிடும். தமிழ் எழுத்து இல்லாமல் பாக்கியத்துக்கு வேலை ஓடாது. ஆகவே காலையில் கணினியைத் திறந்ததும் காவலை நிறுத்திவிட்டுத்தான் தட்டத் தொடங்குவாள். அச்சகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவளும் அதில் தவறு இருப்பதாக நினைத்ததில்லை.

வாசல்களில் மெர்டேக்கா சுதந்திர தினக் கொடிகள் கட்டியிருந்த ஆகஸ்டு மாதம் கணினியின் போக்கு மாறியது. திரைக்கு மேலிருந்த கேமராவின் பச்சை விளக்கு தானாக எரிந்தது. அவள் கையை எடுத்த பிறகும் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அவசரமே இல்லாமல், இருட்டில் சுவரைத் தடவிப் போகும் கைபோல நகர்ந்தது. ஒரு மத்தியானம் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால், கோட்டுப் படங்களைப் போட்டு வைக்கும் கோப்புறை திறந்து கிடந்தது. முகங்கள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அதைத் திறக்கவில்லை.

நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்துக் கேமராவின் கண்ணை மூடினாள். அன்று முழுவதும் கணினிக்கு முதுகு காட்டி அவளால் உட்கார முடியவில்லை.

அந்த வாரத்தில்தான் ருக்மணி வந்தாள். பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை செய்பவள். அவள் கணவன் நடராஜனுக்கு ஒரு வருட நினைவஞ்சலியைப் பாக்கியம்தான் செய்து கொடுத்திருந்தாள். இன்று ருக்மணியின் முகத்தில் பவுடரும் தலையில் பூவும் கையில் அடையாள அட்டையும் இருந்தன.

"அக்கா, என் ஐசிய ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி இங்க அனுப்பிவிடுங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"யாருக்கு?"

"நீங்களே பாருங்க." கைப்பேசியை நீட்டினாள்.

முகநூலில் நடராஜன் இருந்தார். நட்பு கேட்டு வந்திருந்தார், ருக்மணி ஏற்றுக்கொண்டிருந்தாள். கீழே மலாயில் சில செய்திகள். நலமா என்று கேட்டிருந்தது. வெகு தூரத்தில் இருக்கிறேன், இப்போது பேச முடியாது என்றிருந்தது. கடைசியாக, என் பழைய கணக்கைத் திறக்க உன் அடையாள அட்டை வேண்டும், யாரிடமும் சொல்லாதே என்றிருந்தது.

"ருக்கு, அவரு போய் வருசத்துக்கு மேல ஆச்சு."

"வாய்க்கரிசி போட்டவளே நான்தான். எனக்குச் சொல்றீங்களா?"

"அப்ப இது எவனோ களவாணிப் பய."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். சட்டையப் பாருங்கக்கா. உசுரோட இருந்தப்ப அவரு கோட்டு போட்டதே இல்ல. எங்க கல்யாணத்துக்கே அரைக்கை சட்டைதான். நீங்கதான் கோட்டு போட்டு அனுப்பிவச்சீங்க. அங்கயும் அதத்தான் போட்டிருக்காரு."

"மலாய்ல எழுதியிருக்கே?"

"அவரு படிச்சது மலாய் ஸ்கூல். அவருக்கு எங்க தமிழ் எழுத வந்துச்சு?"

பாக்கியம் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நடராஜனின் முகத்துக்குக் கீழே, காலரை ஒட்டி, மச்சம் இருந்தது. முதலில் பொருத்திப் பார்த்த படம் இது. மச்சத்தை அழித்த பிறகுதான் ருக்மணிக்குக் கொடுத்தாள். இது இந்த அறையைவிட்டு வெளியே போனதே இல்லை.

"ஸ்கேனர் ரோசாக்கா கெடக்கு, ஓட மாட்டேங்குது ருக்கு. நாளைக்குச் சரியாயிரும், வா. அதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் அனுப்பாத."

"நாளைக்கு அனுப்பறேன்னு அவருகிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு ருக்மணி போனாள்.

பாக்கியம் கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனாள். நகைக்கடைக்கு மேல் மாடியில் சிஹாபுதீன் கணினியும் கைப்பேசியும் பழுது பார்ப்பவன். அச்சகக் காலத்திலிருந்தே பழக்கம்.

"சிஹாபு, இதுக்குள்ள ஹந்து பூந்திருச்சு. பேய்தான்."

"ஹந்துக்கு எதுக்குக்கா பாஸ்வர்டு? செவுத்துலயே நொழஞ்சு வந்திரும்ல." சிரித்துக்கொண்டே திறந்தவன் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டான். "ஆளுதான்கா. இங்க உக்காராமலே உங்க கணினிய ஓட்டிக்கிட்டிருக்கான். காவல யாரு நிறுத்தி வச்சது?"

"நான்தான். இல்லன்னா தமிழ் அடிக்க முடியாதே."

"அது சரி. நீங்க தட்டறத நடுவுல புடிச்சுத்தான் உங்க சாமான் தமிழா மாத்துது. திருட்டுச் சாமானும் அதே மாதிரி நடுவுல புடிக்கும். காவலுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். வீட்டு ஆளப் பாத்து நாய் கொலைக்குதுன்னு நாயவே கட்டிப் போட்டுட்டீங்க."

"எப்படி வந்தான்?"

"எவனாச்சும் படம் கொண்டாந்து குடுத்த பென்டிரைவ்ல வந்திருக்கும். அந்தத் தமிழ்ச் சாமான் ஒண்ண மட்டும் நம்ம ஆளுன்னு காவலுக்குச் சொல்லி வச்சிருக்கலாம்கா. மொத்தத்தையும் நிறுத்தியிருக்க வேணாம்."

"அவனுக்கு ருக்மணிய எப்படித் தெரியும்?"

"கோப்புக்கெல்லாம் நீங்களே இங்கிலீஷ்ல பேரு போட்டு வச்சிருக்கீங்க. நடராஜன், ருக்மணி, பத்து பெரெண்டாம். தேடிப் புடிச்சிட்டான்."

"செத்தவங்க படம்னு தெரிஞ்சேவா பண்றான்?"

"அவனுக்குத் தமிழ் தெரிஞ்சாத்தானே? கோட்டு, டை. பெரிய ஆபீசருங்கன்னு நெனச்சிருப்பான்."

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றான். கடவுச்சொற்களையெல்லாம் தன் கடைக் கணினியிலிருந்தே மாற்றிவிடச் சொன்னான். இனித் தமிழ் வேலைக்கு இணையம் இல்லாத கணினி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"போன படத்தத் திருப்பிக் கொண்டார முடியாதா?"

"முடியாதுக்கா. போனது போனதுதான்."

மறுநாள் காலை ருக்மணி ஐசியோடு வந்தாள். கணினி இருந்த மேசை காலியாக இருந்தது. பாக்கியம் அலமாரியிலிருந்து தம்பியின் கல்யாண ஆல்பத்தை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இது என் தம்பி அப்பாசாமி. மோட்டார்சைக்கிள்ல போனவன், வீடு திரும்பல."

ருக்மணி குனிந்து பார்த்தாள். "அதே கோட்டு."

"கழுத்தப் பாரு."

ருக்மணி ஆல்பத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியில் நடராஜனின் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் விரல் அந்தக் கரும்புள்ளியைத் துடைப்பதுபோல ஒருமுறை தேய்த்தது.

"அவருக்கு இங்க மச்சம் கெடையாது" என்றாள்.

"ஆமா. என் கணினியிலேருந்து களவு போன படம் இது ருக்கு. நான் காவல நிறுத்தி வச்சதால போயிருச்சு. அங்கேருந்து எழுதறவன் அவரு இல்ல."

ருக்மணி எழுந்து நின்றாள். "அப்ப இத்தனை நாளா எங்க வீட்டு ஹால்ல நான் மாலை போட்டது யாருக்குக்கா?"

"மொகம் அவரோடதுதான்."

"ஒடம்பு?"

வெளியே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"உங்க தம்பி வந்து கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்களா?"

பாக்கியம் தன் கைப்பேசியை எடுத்து ஆல்பத்தின்மேல் வைத்தாள். விடியும்போது வந்த நட்புக் கோரிக்கை அதில் அப்படியே இருந்தது. அப்பாசாமி. இடது மடிப்பு தூக்கியிருந்தது, மச்சமும் இருந்தது. எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் காலையிலிருந்து அதை அழிக்கவில்லை. தேநீர் போடும்போதும் குளிக்கப் போகும்போதும் அதைத் திறந்து திறந்து பார்த்திருந்தாள்.

ருக்மணி அந்தத் திரையையே பார்த்தாள். "அக்கா" என்றாள் மெதுவாக.

பாக்கியம் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். முதல் தடவை விரல் தவறிவிட்டது. மறுபடியும் அழுத்தினாள். அப்பாசாமி இருந்த இடம் வெள்ளையானது.

ருக்மணி உட்கார்ந்தாள். ஐசியைப் பர்சுக்குள் வைத்து மூடினாள். கைப்பேசியைப் பாக்கியத்தின் பக்கம் தள்ளி, "எங்க அமுக்கணும்னு காட்டுங்க. நானே அமுக்கறேன்" என்றாள்.

ஹாலில் மாட்ட வேறு படம் கேட்டாள். உறவினர் ஒருவரின் கல்யாணத்தில் அரைக்கை சட்டையோடு நடராஜன் நின்ற படத்திலிருந்து பாக்கியம் அவரைத் தனியே எடுத்தாள். தோளில் யாரோ போட்டிருந்த கை அழியவில்லை. இருக்கட்டும் என்றாள் ருக்மணி.

அதன்பின் பாக்கியம் யாருக்கும் கோட்டு போடவில்லை. காவலையும் நிறுத்தவில்லை. கேமராவின்மேல் பொட்டு அப்படியே இருந்தது. ஆனால் ஜொகூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் எவளோ ஒருத்தி எப்போதாவது அழைப்பாள். போன மனுசன் நட்பு கேட்டு வந்திருக்கிறார் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் படத்தை அனுப்புவாள். பாக்கியம் முகத்தைப் பார்க்கமாட்டாள். முதலில் கழுத்தைத்தான் பார்ப்பாள்.