மோட்டார்மேன் வீட்டு நாய்

சுடலைக்கண்ணன் நாய் வளர்க்கிற ஆள் இல்லை. நாய் மட்டுமல்ல, கிளி, தொட்டி மீன், ஜன்னலோரத்துத் துளசி எதுவும் அவருக்கு ஆகாது. "நம்ம வயித்தையே நம்மால ஒழுங்கா பாத்துக்க முடியல" என்பார். மும்பையின் ஹார்பர் லைனில் இருபத்திரண்டு வருஷமாக லோக்கல் ரயில் ஓட்டுகிற மோட்டார்மேன். ஒரு நாள் விடியற்காலை டியூட்டி, ஒரு நாள் மத்தியானம் என்று சாப்பாட்டு நேரமே நிலையில்லாத பிழைப்பு. பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப்பில். பேச்சு மட்டும் அப்பா கொண்டுவந்த திருநெல்வேலிப் பேச்சு. மனைவி விஜயராணி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மகளைப் புனேயில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. செம்பூரில் தண்டவாளத்தை ஒட்டிய கட்டடம் ஒன்றில், ஐந்தாவது மாடியில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

போன வருஷம் மழை தொடங்கிய வாரம், ஒரு காலையில் பன்வேல் போகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். கோவண்டியைத் தாண்டியதும் ஒருவன் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தான். முப்பது வயதிருக்கும். தோளில் பை, காதில் இயர்போன், கையில் பச்சைக் குடை. சுடலைக்கண்ணன் ஹாரனை அழுத்தினார், எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டார். பன்னிரண்டு பெட்டி வண்டி அப்படிச் சட்டென்று நிற்காது. கடைசி நேரத்தில் அவன் திரும்பிப் பார்த்தான். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, சாதாரணமாகத்தான் திரும்பினான்.

இதற்கு முன்னும் மூன்று முறை அவர் வண்டியில் இப்படி ஆள் அடிபட்டுச் செத்ததுண்டு. அந்த மூன்று முறையும் எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்தார். மறுநாள் டியூட்டிக்குப் போனார். இந்த முறையும் வண்டியைப் பன்வேலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பி வரும்போது பயணியாக உட்கார்ந்து வந்தவர், அதன்பின் எந்த வண்டியிலும் ஏறவில்லை. அவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவருக்கு அது காதிலேயே விழவில்லை. ஹாரனை அரை நொடி முன்னால் அழுத்தியிருந்தால் என்கிற ஒரே கணக்கில் உட்கார்ந்துவிட்டார்.

மெடிக்கல் லீவில் வீட்டில் இருந்தார். ஜன்னல்களை அடைத்தார். அடைத்த ஜன்னலுக்கும் அடங்காமல் நாலு நிமிஷத்துக்கு ஒரு ஹாரன் உள்ளே வந்தது. ஒவ்வொரு முறையும் அவருடைய வலது கை நாற்காலிக் கையை இறுகப் பிடிக்கும். வண்டி போன பிறகும் விடாது. பேச்சு நின்றுபோனது. எதைக் கேட்டாலும் "ம்".

"தோசையா, சப்பாத்தியா?" என்று கேட்பாள் விஜயராணி.

"ம்."

"ரெண்டுல எதுக்குங்க இந்த ம்?"

"ம்."

கத்தினாலாவது பரவாயில்லை, தட்டைத் தூக்கி எறிந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. ரயில்வேயில் மனநல டாக்டர் ஒருவரிடம் நாலு தடவை அனுப்பினார்கள். நாலாவது தடவை போய் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் என்ன கேட்டாரு?"

"எப்படி இருக்கீங்கன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னேன்."

விஜயராணி தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாலு மாதம் இப்படி ஓடிய பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய தம்பி ராஜபாண்டி வந்து நின்றான். லேபர் கேம்ப்பில் அவன் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். சாமான்களை ஒரு வாடகை ரூமுக்கு மாற்றியிருந்தான். கையில் கயிறு. கயிற்றின் அடுத்த முனையில் ஒரு பெட்டை நாய். நாட்டு நாய்தான்; டீக்கடையில் வெண்ணெய் தடவித் தருகிற பன் மஸ்காவின் நிறம். அதனால் அவன் பிள்ளைகள் அதற்கு மஸ்கா என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது.

"அத்தான், ரூம்காரன் குத்தா நஹி சலேகாங்கான், நாய் ஆகாதாம். நாலே நாளு. வேற எடம் பாத்துருவேன். இங்க விட்டுட்டுப் போட்டா?"

"ம்" என்றார் சுடலைக்கண்ணன்.

மற்ற எல்லாருக்கும் அர்த்தமே இல்லாமல் கிடந்த அந்த 'ம்', ராஜபாண்டிக்கு மட்டும் சம்மதமாகிவிட்டது. நாற்காலிக் காலில் கயிற்றைக் கட்டிவிட்டு, அக்காள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் போய்விட்டான்.

அரைமணி நேரத்தில் நாய் கதவைப் பிறாண்டத் தொடங்கியது. வீட்டில் வேறு ஆள் இல்லை. சுடலைக்கண்ணன் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்து பார்த்தார். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். டாக்டரிடம் போனது தவிர, நாலு மாதத்தில் அவர் வாசலைத் தாண்டியது அன்றுதான்.

லிஃப்ட் கதவு திறந்ததும் மஸ்கா நாலு காலையும் பரப்பித் தரையோடு ஒட்டிக்கொண்டது. தரைவீட்டில் வளர்ந்த நாய், லிஃப்டைக் கண்டதில்லை. இழுத்தார், தள்ளினார். லிஃப்ட் இரண்டு முறை மூடித் திறந்து, பொறுமையிழந்து தானாகவே கீழே போய்விட்டது. படியில் இறங்கினார்கள். இறங்கும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கீழே போனதும் சொசைட்டி செக்ரட்டரி வானமாமலையின் ஸ்கூட்டர் சக்கரத்தில்தான் அதற்கு வேலை முடிந்தது. அதுவும் போகட்டும். திரும்பி ஏற வேண்டிய நேரத்தில், முதல் படியில் மூட்டை மாதிரி உட்கார்ந்துவிட்டது.

சுடலைக்கண்ணன் கயிற்றை இழுத்தார். அது மடிந்த காதை ஆட்டியது. அவருக்குள் எங்கேயோ ஏதோ ஒன்று பொறுக்க முடியாமல் போயிற்று.

"ஏட்டி, எந்திரி! எறங்கத் தெரிஞ்ச காலுக்கு ஏறத் தெரியாதோ? நான் என்ன ஒனக்குக் கூலி ஆளா? இருபத்திரண்டு வருசம் கவர்மென்டு வண்டி ஓட்டுனவன், ஒன்னத் தூக்கிச் செமக்கணுமோ? எந்திரிங்கேன்!"

எழுந்திருக்கவில்லை. பதினெட்டு கிலோவையும் அவர்தான் தூக்கினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார், நின்ற இடத்திலெல்லாம் திட்டினார். நாயைத் திட்டினார், மச்சினனைத் திட்டினார், லிஃப்டைத் திட்டினார், லேபர் கேம்ப்பை இடிக்கிறவர்களைத் திட்டினார். மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்து மூடிற்று.

அந்த நேரத்தில்தான் விஜயராணி காய்கறிப் பையோடு கீழே வந்து சேர்ந்தாள். படிக்கட்டு வழியாக அந்தக் குரல் இறங்கி வந்தது. புருஷன் குரல். நாலு மாதமாகக் கேட்காத குரல். உதவிக்கு ஓடவில்லை. எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, கத்தரிக்காய்ப் பையைப் பிடித்தபடி கடைசி வரை நின்று கேட்டாள்.

நாலு நாள் பத்து நாளாயிற்று. பத்தாவது நாள் ராஜபாண்டி போனில், "அத்தான், எவனும் நாயோட எடம் தர மாட்டேங்கான்" என்றான். அதற்குள் மஸ்கா ஒரு செருப்பு, டிவி ரிமோட், மெடிக்கல் லீவுத் தாளின் பாதி எல்லாவற்றையும் தின்றிருந்தது. தாளுக்காக ஆஸ்பத்திரியில் மறுபடி வரிசையில் நின்றவர் சுடலைக்கண்ணன். "நாய் தின்னுட்டு" என்று சொன்னதற்கு, கவுண்டரில் இருந்தவர் பள்ளிப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம். அந்த எரிச்சலை வீட்டில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று தரம் ஐந்து மாடி இறங்கி, நாயைச் சுமந்து ஏறியதில், படுத்ததும் தூக்கம் வந்தது. கெட்ட கனவு வராமல் இல்லை. ஆனால் உடம்பு வலி அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஹாரன் விஷயத்தில் இன்னொன்று நடந்தது. சத்தம் வந்து அவர் கை இறுகும்போதெல்லாம் மஸ்கா எழுந்து வந்து, ஈர மூக்கை அந்த மூடிய கைக்கு அடியில் நுழைத்து முட்டும். பாசம் ஒன்றுமில்லை. உள்ளே பிஸ்கட் ஒளித்து வைத்திருக்கிறார் என்று அதற்கு எண்ணம். கையை விரித்துக் காட்டினால்தான் விடும்.

"ஒண்ணுமில்லட்டி. பாரு, ஒண்ணுமில்ல."

அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கும். அடுத்த ஹாரனுக்கு மறுபடி வரும். நேற்று இல்லாத பிஸ்கட் இன்றைக்கு இருக்கலாம் என்கிற அதன் நம்பிக்கை அவருக்குத் தாங்க முடியாத கடுப்பாக இருந்தது. ஆனாலும் கையை விரிக்க வேண்டியிருந்தது, ஒரு நாளைக்கு எத்தனையோ தரம்.

டிசம்பர் மாதம் மஸ்காவுக்குக் கருவாட்டு வாசம் பிடித்துக்கொண்டது. தண்டவாளத்து மதில் ஓரமாக ஒருத்தி சுக்கட் என்கிற பொடி இறால் கருவாடு விற்பாள். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் நாய் அவரை அங்கேதான் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் மதிலை யாரோ உடைத்து வழி பண்ணியிருந்தார்கள். பத்து நிமிஷ நடையில் பிரிட்ஜ் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஜனங்கள் சந்துக்குள் புகுந்து தண்டவாளத்தைக் கடந்தார்கள். சுடலைக்கண்ணன் முதல் நாள் அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. இரண்டாம் நாள் திருப்பினார். மூன்றாம் நாள், போனைப் பார்த்துக்கொண்டே ஒரு பையன் உள்ளே நுழைந்ததைக் கண்டு, "ஏ பாய்! பிரிட்ஜ் திக்தா நஹி க்யா?" என்று, பிரிட்ஜ் கண்ணுக்குத் தெரியவில்லையா என இந்தியில் இரைந்தார். ஓடுகிறவர்களைக் கண்டால் பிடிக்காத மஸ்காவும் சேர்ந்து குரைத்தது.

பிறகு அதுவே தினசரி வேலையாயிற்று. மரியாதையாகச் சொன்னார், கெஞ்சினார், கத்தினார். பாதிப் பேர் சிரித்தார்கள். சிலர் மராத்தியில், "ஹோ அங்கிள், ஹோ" என்று ஆமாம் போட்டுக்கொண்டே கடந்தார்கள். அவர் நாயிடம் திரும்பி, "பாத்தியா, மனுசனுக்குச் சொன்னாப் புரியுதா? ஒனக்கும் புரியாது, இவனுவளுக்கும் புரியாது" என்று தமிழில் புலம்புவார்.

அந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் ஹபீபா நின்றாள். ஐம்பது வயதுக்காரி. சொந்த ஊர் மேலப்பாளையம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையல் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவள். தினமும் அந்த வழியாகக் கடக்கிறவர்களில் ஒருத்தி.

"அண்ணாச்சி நம்ம பக்கமா? தெனமும் கத்துதீங்களே, என்னத்துக்கு? வண்டி ஓட்டுறவனுக்கு நாங்க யாருன்னு தெரியவா போவுது? கோழி குறுக்க போன மாதிரி நெனச்சிட்டுப் போய்ட்டே இருப்பான்."

"தெரியும்மா" என்றார் சுடலைக்கண்ணன். "மொகம் தெரியும். குடை என்ன கலருன்னு தெரியும். நாந்தான் ஓட்டுனேன்."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. மதில் ஓரத்தில் நின்றபடி, முன்பின் தெரியாத அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் திரும்பிப் பார்த்ததைச் சொன்னார். அரை நொடிக் கணக்கைச் சொன்னார். மஸ்கா இதுதான் சமயம் என்று கருவாட்டுக் கூடைக்குள் தலையை விட்டது. கருவாட்டுக்காரி வைய, ஹபீபா கையாலேயே நாயின் தலையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அல்லாவே" என்றாள் கடைசியில். "அவன் நேரம் அது. ஒங்க அரை நொடியில என்ன இருக்கு? பையத் தோள்ல மாட்டி, காதுல அத வேற மாட்டிட்டு எறங்குனானே, அது ஒங்க கணக்குல வராதா?" பிறகு பிரிட்ஜ் இருக்கிற திசையை வெறுப்போடு பார்த்தாள். "எனக்கு முட்டி வலி. அத்தனை படி ஏறணும்."

"நான் இந்தச் சனியனத் தூக்கிட்டு அஞ்சு மாடி ஏறுதேன். ஒங்களுக்கு ஒரு பை செமந்து பிரிட்ஜ் ஏற முடியாதோ?"

முணுமுணுத்துக்கொண்டே பிரிட்ஜ் பக்கம் நடந்தாள். அன்றைக்கு அவள் ஒருத்திதான் போனாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஆறு பேர் சந்தில் நுழைந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் விஜயராணிக்கு வந்ததே கோபம்! "கட்டுனவ ஆறு மாசமா கெடந்து கேக்கேன். எங்கிட்டச் சொல்ல வாய் வரல. ரோட்டுல போறவகிட்டச் சொல்லிட்டு வந்துருக்கீங்களாக்கும்!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள்.  அவர் அடுப்பை அணைத்துவிட்டு, அவளை உட்கார வைத்து, முதலிலிருந்து மறுபடி சொன்னார். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

டாக்டரிடம் மறுபடி போனார். இந்த முறை 'நல்லா இருக்கேன்' என்று சொல்லவில்லை. மார்ச் மாதம், கூடவே ஒரு இன்ஸ்பெக்டர் நிற்க, வண்டியில் ஏறினார். கோவண்டி தாண்டும்போது சட்டை முழுக்க வேர்த்துவிட்டது. ஆனால் கை சொன்னபடி கேட்டது. ஒரு மாதம் கழித்துத் தனியாக ஓட்டக் கொடுத்தார்கள். மஸ்காவைச் சாயங்காலம் இறக்குகிற வேலை விஜயராணி தலையில் விழுந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. பக்கோடா காட்டி மூன்றே நாளில் ஏறப் பழக்கிவிட்டாள். ஐந்து மாதம் சுமந்தவருக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று.

போன மாதம் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "ராணி, இங்க வா, உக்காரு" என்றார். மான்குர்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தண்டவாளத்தில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஹாரனை விடாமல் அழுத்தினாராம். ஒருவன் மற்றவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தாண்டிவிட்டானாம். தாண்டிய பிறகு இவரைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினானாம்.

"கையாட்டுதான்ட்டி! எனக்கு நெஞ்சு வெடிக்கி, அவன் டாட்டா காட்டுதான்! இவனுவள என்ன செய்ய? நீயே சொல்லு, என்ன செய்ய?"

 சொல்லிக்கொண்டே தண்ணீர் வாங்கிக் குடித்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவர் சத்தத்தில் தூக்கம் கலைந்த மஸ்கா எழுந்து, அலுப்போடு அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. விஜயராணி மட்டும் எழுந்திருக்கவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவர் மூன்றாவது தரம் சொல்லத் தொடங்கியபோது, "அந்த ரெண்டாவது ஆளு என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டாள்.