என் வீட்டுப் பிரெஞ்சுக்காரி

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்தேன். மலேயாவில் வேலை, லீவில் வந்திருக்கிறார். காப்பி வருவதற்கு முன்பே புலம்பல் வந்துவிட்டது.

"பினாங்குலேர்ந்து சயாம் எட்டிப் புடிக்கிற தூரம் சார். சும்மா சுத்திப் பாக்கலாமேன்னு விசா கேட்டேன். 'நீ இந்த ஊர்க்காரன் இல்லியே, உன் ஊர்லேர்ந்து வாங்கிக்கினு வா'ன்றான். பக்கத்து ஊட்டுக்குப் போறதுக்கு நான் திண்டிவனம் வரணுமா? பெரிய பேஜாரு சார்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் கோபம் வந்தது. நான் என்ன செய்வேன்? வெளிநாட்டில் வசித்துக்கொண்டே பக்கத்து நாட்டுக்கு விசா வாங்கிய ஆள் ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார் - அதுவும் அடுப்படியில்!

என் மனைவி அஞ்சலாட்சியைத்தான் சொல்கிறேன்.

அவள் பிறந்த ஊர் கிளியனூரைத் தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தின்போது அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. பிறகு அது இறங்கியது, நம் கொடி ஏறியது. வழியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்த சோதனைச் சாவடியும் போயிற்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். கொடி மாறுகிற வேகத்தில் சட்டம் மாறாது என்பது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவனுக்கு எப்படித் தெரியும்?

சில வருஷங்கள் கழித்துக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. அஞ்சலாட்சியின் அக்கா தனலட்சுமி அங்கே இருந்தாள். என் சகலைக்கு அந்த ஊரில் ஜவுளிக்கடை. அக்காவுக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும். "தங்கச்சி மூஞ்சியப் பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரியில படுப்பேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். தாயில்லாத வீட்டில் அஞ்சலாட்சியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான். இவளுக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை.

இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் கேட்டு மனுப் போட்டேன். விசாரணைக்கு விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"உங்களுக்குக் குடுக்கலாம் சார். உங்க சம்சாரத்துக்குத்தான் முடியாது."

"ஏன்?"

"அவங்க பிரெஞ்சுக்காரங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிரெஞ்சுக்காரி பெஞ்சில் சம்மணமிட்டு, மடியில் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வைத்துத் தோலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இவளா?"

"புதுச்சேரி நம்ம கைக்கு வந்துட்ச்சு. ஆனா அதுக்கான ஒப்பந்தம் இன்னும் அவங்க தேசத்துல பாஸாகல. அது வரைக்கும் அங்க பொறந்தவங்க சட்டப்படி பிரெஞ்சுப் பிரஜைதான். இந்தியரைக் கட்டிக்கினவங்கன்னு குடியுரிமைக்குத் தனியா மனுப் போடலாம். நாளாவும்."

அஞ்சலாட்சி எழுந்துவிட்டாள். "எவ்ளோ நாளாவுங்க? எங்கக்கா வவுத்துல கட்டிய வச்சிக்கினு எனக்காகக் காத்துக்கினு இருக்குது."

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். "ஃபைலு போற வேகத்துலதாம்மா போவும்."

பஸ்ஸில் விக்கிரவாண்டி வரும் வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒரு வெளிநாட்டுப் பெண்மணியிடம் என்ன பேசுவது? பிறகு சட்டென்று கேட்டாள்.

"ஏங்க... நான் பிரெஞ்சுக்காரின்னா, பிரெஞ்சுக்காரங்ககிட்டயே பாஸ்போர்ட் கேட்டா இன்னா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உனக்கு என்ன பிரெஞ்சு தெரியும்?"

"மெர்சி."

"அப்புறம்?"

"அவ்ளோதான். குடுத்தா நன்றி சொல்லணும். வேற இன்னா பேசப் போறேன்?"

சிரித்தது நான்; கெட்டிக்காரி அவள். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு அலுவலகத்தில், அவள் பிறந்ததை அவளுடைய அப்பா ஒழுங்காகப் பதிந்திருந்ததால், அதிகத் தொந்தரவில்லாமல் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. 'மெர்சி' என்றாள். கொடுத்தவர் பதிலுக்கு ஏதோ நீளமாகச் சொன்னார். இன்னொரு 'மெர்சி' போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்தது மதராஸ். இலங்கைக்கு விசா கொடுக்கிற ஆபீஸ். டூரிஸ்ட் விசாவுக்கு இரண்டு மனுக்களையும் நானே டைப் அடித்திருந்தேன். ஓர் அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. மார்ஜின் நூல் பிடித்தது போல இருந்தது. எல்லாம் மாணவர்களுக்குக் காட்டலாம் என்கிற தரம்!

அங்கே இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். பிரெஞ்சு பாஸ்போர்ட்டைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார்.

"மேடம், இலங்கையிலை என்ன பார்க்கப் போறியள்?"

"எங்கக்காவ."

நான் இருமினேன்.

"அப்பறம்... கண்டி. அங்க இன்னா இருக்குதோ அத்தையும்."

அவர் சிரித்தார். முத்திரை விழுந்தது.

என் முறை வந்தது. எனக்கு நாற்காலி காட்டப்படவில்லை.

"இது ஆர் டைப் அடிச்சது?"

"நான்தான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"ஒரு பிழையும் இல்லையே. கொழும்பிலை இப்பிடி ஒரு ஆளைப் பிடிக்கிறது வலு கஷ்டம்."

நான் உருகிப்போனேன். என் தொழிலை இவ்வளவு ரசித்த அதிகாரியை அதற்கு முன் பார்த்ததில்லை.

"அதுதான் யோசிக்கிறன்" என்றார் அவர். "சகலன் அங்கை கடை வச்சிருக்கிறார் எண்டு எழுதியிருக்கிறியள். நீங்கள் இப்பிடி டைப் அடிக்கிறியள். போனால் திரும்பி வருவியளோ?"

"சார், என் இன்ஸ்டிடியூட் திண்டிவனத்தில்..."

"போனவை எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவை."

மனு திரும்பி வந்தது. மார்ஜின்கூடக் கசங்கவில்லை.

புரிகிறதா? அக்கரைக்குப் போகும் இந்தியன் என்றாலே, அங்கேயே தங்கிவிடுவான் என்று அவர்களுக்குப் பயம். பிரெஞ்சுக்காரி என்றால்? ஊர் சுற்றிப் பார்ப்பாள், தேயிலை வாங்குவாள், போய்விடுவாள்! நான் அசல் இந்தியக் குடிமகன். என் பாஸ்போர்ட் புத்தம் புதிது. அதை வைத்துக்கொண்டு எழும்பூர் வரை போகலாம்.

"தனியாவா போவே?" என்று கேட்டேன். கல்யாணமான பிறகு அவள் தனியாகப் போன அதிகபட்ச தூரம் மேல்மலையனூர் கோயில். அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட இருந்தார்கள்.

அவள் பிரெஞ்சு பாஸ்போர்ட்டை எடுத்தாள். முந்தானையில் சுற்றி முடிந்துகொண்டாள்.

"எங்கக்கா தனியாதானே படுத்துக்கினு இருக்குது?"

விழுப்புரம் ஜங்ஷனில், தனுஷ்கோடிக் கப்பலுக்குப் போகும் போட் மெயிலில் ஏற்றிவிட்டேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அக்காவுக்காகக் கட்டிய கேப்பை மாவு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆயிரம் புத்தி சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வண்டி நகர்ந்தது. அவள் கப்பலேறப் போகிறாள்... என் கையில் பிளாட்பாரம் டிக்கெட்.

அடுத்து வந்த நாட்களில் நான் சமைத்ததைப் பற்றி எழுத மாட்டேன். வாரப் பத்திரிகைக்கு என்று ஒரு மரியாதை உண்டு. ஆனால் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். கடைசியில் செய்தி வந்தது: கட்டியை எடுத்துவிட்டார்கள், பயமில்லை.

திரும்பி வந்தவளை விழுப்புரத்தில் இறக்கிக்கொண்டேன். கப்பல் போய் இறங்கும் தலைமன்னார்க் கதையை அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். நம்மவர்களையெல்லாம் நீள வரிசையில் நிறுத்தி மூட்டையைக் கொட்டிப் பார்த்தார்களாம். இவளை மட்டும் இரண்டு வெள்ளைக்காரிகளோடு தனியாக விட்டார்களாம். "மாவ மோந்து பாத்துட்டு 'பவுடரா மேடம்?'னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

சிரித்துக்கொண்டே வந்தவள், பிளாட்பாரத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"எங்கக்கா மயக்கம் தெளிஞ்சி கண்ணத் தொறந்துச்சுங்க. என்னியப் பாத்து, 'ஏண்டி, தலையக்கூடப் பின்னாம நிக்கிறே?'ன்னுச்சு..."

மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது ஒப்பந்தம் ஒரு வழியாக நிறைவேறிவிட்டது. இவளைப் போன்றவர்கள் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பினால் எழுதிக் கொடுக்கலாமாம்; இல்லையென்றால் இந்தியர்தானாம். நானும் தேசபக்தியோடு கேட்டேன்: "இனிமேலாவது எங்கள் தேசத்துக்கு வந்துவிடுகிறாயா?"

அஞ்சலாட்சி குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்:

"அவசரப்படாதீங்க. அடுத்தாப்ல எந்த ஊருக்குப் போறோம்னு மொதல்ல சொல்லுங்க... அப்பறம் நான் எந்த தேசம்னு சொல்றேன்."