மடி மாமியின் செருப்பு

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் காமாக்ஷிக்கு வைத்த பெயர் மடி மாமி. எங்கே போய்விட்டு வந்தாலும் கீழே குழாயடியில் நின்று, காலை மட்டுமா, செருப்பையும் தேய்த்துக் கழுவுவாள். அடிப்பக்கப் பள்ளங்களில் ஒட்டிய மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் நோண்டி எடுப்பாள். எழுபத்தொரு வயதிலும் என்ன ஆச்சாரம் என்று சிலர் மெச்சினார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். ஆச்சாரமாவது ஒன்றாவது. வெங்காய சாம்பார் இல்லாவிட்டால் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே விடியாது.

அந்தப் பழக்கம் கோயிலால் வந்ததல்ல, புகையிலையால் வந்தது. கச்சேரி ரோட்டில் பிறந்து விவசாயம் படித்தவள், இருபத்தைந்து வயதில் வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைப் பயிருக்கு நோய் பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா "விவசாய ஆபீஸ்" என்று பூசி மெழுகுவார். என்ன பயிர் என்று கேட்டுவிட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும். கல்யாணம் நடக்கவில்லை. அதற்காக அவள் ஒன்றும் உருகிப் போய்விடவும் இல்லை.

இன்றைக்கும் சும்மா உட்கார்ந்தால் அவள் மனசு ஓடுவது அந்த நாற்றங்காலுக்குத்தான். விதைப்பதற்கு முன்னால் மேட்டுப்பாத்தியின் மேல் உமியும் சருகும் பரப்பி எரிப்பார்கள், மண்ணுக்குள் இருக்கும் கிருமி வெந்து சாகட்டும் என்று. சூடு ஆறிய அந்த மண்ணின் வாசனை இப்போதும் அவள் மூக்கில் இருக்கிறது. கசகசாவைவிடப் பொடியான விதையை மணலோடு கலந்து தூவுவார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்தில் அவளே இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பாள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, நாற்று கருகிவிடும். ஜீப்பில் புழுதி குடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன அந்த நாட்களைப் போல அப்புறம் அவளுக்கு எதுவும் வாய்க்கவில்லை.

வாய் ஓயாமல் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. அடித்தண்டைக் கறுக்க வைத்துச் செடியைச் சாய்க்கிற நோய் மண்ணோடு வரும், அந்த மண் காலோடு வரும். நோய் கண்ட வயலில் நடந்த செருப்போடு நாற்றங்காலில் இறங்காதீர்கள். சொன்னவளே ஒரு புரட்டாசியில் இறங்கினாள். மழை கட்டி நின்றது, அவசரம். நோய் கண்ட வயலிலிருந்து நேரே முத்துகிருஷ்ணன் என்ற விவசாயியின் நாற்றங்காலுக்குப் போய், அதே சேற்றுச் செருப்போடு நடந்து, நாற்று அமோகமாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு வாரத்தில், அவள் நடந்த தடம் பிடித்தே நாற்றுகள் கறுத்துச் சாய்ந்தன. பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயில் வந்தது வேறு: "தண்ணி அதிகமா விட்டுட்டீங்க."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா. என் தப்புதான்."

அந்த வருஷம் அவர் புகையிலை நடவில்லை. அவளும் மாற்றலாகிப் போய்விட்டாள். அன்று பிடித்த பிரஷ்ஷை இன்றுவரை கீழே வைக்கவில்லை. மடி என்று ஜனங்கள் நினைத்தது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்லும் வேலை மிச்சம்.

எதிர் வீட்டுச் சந்திரிகா வந்த பிறகுதான் அந்த வசதிக்கு ஆபத்து வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி. நகரில் பாத்திரக் கடை. மூன்று வருஷமாகச் சாயங்காலம் நாலு மணிக்கு இருவருக்கும் சேர்ந்துதான் காபி. காமாக்ஷிக்கு அந்த நாலு மணிதான் நாளே.

ஒருநாள் சந்திரிகா, தக்காளிச் செடி வாடுகிறது என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனாள். தொட்டியில் தண்டின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கறுப்பு. வேடசந்தூரில் காமாக்ஷி பார்த்த அதே கறுப்பு. ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று இறங்கிக் குழாயடியில் செருப்பைத் தேய்த்தாள். நிமிர்ந்தபோது, பின்னாலேயே வந்த சந்திரிகா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் அவள் வீட்டுக்குப் போய் வந்து மாமி செருப்பைக் கழுவியதே இல்லை. மறுநாளிலிருந்து காபி நின்றது.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காமாக்ஷியே போய்க் கதவைத் தட்டினாள். "என்னடி, ஆத்துப் பக்கமே காணோம்?"

சந்திரிகா உள்ளே கூப்பிடவில்லை. "எதுக்கு மாமி? எங்க வீட்டுத் தீட்டு ஒட்டிக்கும்லா. திரும்பச் செருப்பைக் கழுவணும்."

காமாக்ஷி அவசரமாகக் குறுக்கிட்டாள். "தீட்டு இல்லைடி. உன் தக்காளிக்குச் சீக்கு, மண்ணுல இருக்கு. தக்காளியும் புகையிலையும் பங்காளி, அதுக்கு வர்றது இதுக்கும் வரும். செருப்புல ஒட்டிண்டு மத்தவா தொட்டிக்கும் போய்டும்னுதான் கழுவினேன்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

சொல்லியிருக்கலாம்தான்.

சந்திரிகாவின் கோபம் இறங்கி, முகம் வாடியது. "அப்ப நான்தான் தண்ணி ரொம்ப ஊத்திட்டேன் போல. என் தப்புதான் மாமி."

காமாக்ஷி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லாதே. இதையேதான் முன்னே ஒருத்தர் சொன்னார், நான் கேட்டுண்டு பேசாம வந்துட்டேன்." நின்ற இடத்திலேயே முத்துகிருஷ்ணன் கதை முழுவதையும் கொட்டினாள். "நான்தான் என் செருப்புல கொண்டு போனேன். அவர் தப்பு இல்லை. என் தப்பு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ரொம்ப நாள் கழிச்சு விசாரிச்சேன். அவர் காலமாயிட்டார்னுட்டா."

சந்திரிகா செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாங்க, அந்தச் செடியைப் பிடுங்கிருவோம்."

பிடுங்கிப் பையில் போட்டுக் கட்டினார்கள். மண்ணை வெயிலில் பரப்பி பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். இறங்கி வந்ததும் காமாக்ஷி குழாயடியில் உட்கார்ந்து, முதலில் சந்திரிகாவின் செருப்பை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க மாமி, யாராச்சும் பாத்தா..."

"பாக்கட்டும்" என்று பிரஷ்ஷை எடுத்தாள் காமாக்ஷி.