ரத்னாவின் ஐந்தாவது ஏன்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ரத்னா பேனா மூடியைக் கழற்றிவிடுகிறாள். கம்பெனி பஸ் படப்பை முனையில் இறக்கிவிட, மூன்றே காலுக்கு வீட்டு வாசலுக்கு வருவாள். அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மடியில் விரிப்பாள். பத்து நிமிடம் எழுதுவாள். அதுவரை தண்ணீர் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். "இருங்க நர்ஸம்மா. ஆறிப்போச்சுன்னா பொய் வந்துடும்" என்பாள்.

ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பதினாறு வருடமாக பிரஸ் லைனில் வேலை. இப்போது லைன் லீடர். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு, "ஷிஃப்ட்டு ஒத்து வரல" என்று ஒரே பதில் வைத்திருக்கிறாள். அவளுடைய அம்மா தாயாரம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது. அவரைப் பகலில் பார்த்துக்கொள்வது என் வேலை. காலை ஐந்து முதல் மாலை நாலு வரை, ஞாயிறு விடுப்பு.

கம்பெனியில் ஒரு தகடு கோணலாக வந்தால் அதில் சிவப்புச் சீட்டு கட்டித் தனியே வைப்பார்களாம். பிறகு ஒரு தாளில் எழுத வேண்டும். என்ன தப்பு, ஏன் வந்தது, அந்த ஏனுக்கு ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து முறை கேட்டு, கடைசியில் இனிமேல் வராமலிருக்க என்ன செய்யப்போகிறோம் என்று முடிக்க வேண்டும். இதை ஆறு வருடத்துக்கு முன்னால் ரத்னா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தகட்டுக்குப் பதிலாகத் தன்னையே நோட்டில் ஏற்றினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, பக்க எண் எல்லாம் உண்டு.

ஒரு நாள் படித்துக் காட்டினாள். "பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக ஜாஸ்மினைத் தள்ளினேன். ஏன்? தூங்கணும். ஏன்? ராத்திரி தூக்கம் இல்லை. ஏன்? போன் பார்த்தேன். ஏன்? பேச ஆள் இல்லை. ஏன்? வருகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன்." ஜன்னல் சீட்டில் ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

"இதெல்லாம் எழுதினா பாவம் தீர்ந்துடுமா?" என்று கேட்டேன்.

"பாவம் இல்ல நர்ஸம்மா, டிஃபெக்ட்டு. பாவம்னா உக்காந்து அழுவணும். டிஃபெக்ட்டுன்னா எழுந்து சரி பண்ணணும்."

எழுதியதோடு முடிவதில்லை. தப்பு செய்தவரே "முடிந்தது" என்று கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவர்கள் கம்பெனிச் சட்டம். பொருளை வாங்கியவர் சரி என்றால்தான் மூடலாம். அதுவரை அந்தப் பக்கம் 'ஓபன்'. ஆகவே ரத்னா நோட்டைத் தூக்கிக்கொண்டு கையெழுத்து வாங்க அலைவாள். ஜாஸ்மின் பஸ்ஸிலேயே சிரித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாளாம். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர், "நீ திட்டுனதே எனக்கு ஞாபகம் இல்லம்மா, எதுக்கும் போட்டு வெக்கிறேன்" என்று போட்டார். எதிர் வீட்டு அமலா மட்டும் மறுத்துவிட்டாள். "இன்னாடி இது, நாளைக்கு ஸ்டேஷன்ல காட்டுவியா?" அந்தப் பக்கம் மூன்று வருடமாக ஓபனாகவே இருக்கிறது. அமலாவைப் பார்க்கும்போதெல்லாம் ரத்னா இன்னும் சற்றுக் குனிந்துதான் போகிறாள்.

இன்னொரு பைத்தியம், மஞ்சள் டேப். கம்பெனித் தரையில் எந்தச் சாமான் எங்கே என்று மஞ்சள் டேப் ஒட்டிக் காட்டுவார்கள். இவள் வீட்டிலும் அதே. துடைப்பத்துக்கு ஒரு கட்டம், உப்பு ஜாடிக்கு ஒரு வட்டம், என் செருப்புக்குக்கூட இடம் உண்டு. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது என் வீட்டில் செருப்பைக் கண்ட இடத்தில் விட்டால் உறுத்துகிறது.

எனக்கும் ஒரு நோட்டு உண்டு. அது என் தொழில். கட்டில் கால்மாட்டில் ஆணியில் தொங்கும். சிறுநீர் எவ்வளவு, காய்ச்சல் உண்டா, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன், தோலில் என்ன மாற்றம், எல்லாம் அதில் எழுதவேண்டும். டாக்டர் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம், ரத்னா ஓவர்டைமுக்குப் போகும்போது அம்மாவோடு இருக்கக் குன்றத்தூரிலிருந்து வரும் அவள் தம்பி எழிலரசனும் ஒரு பக்கம் விடாமல் படிப்பான். அம்மாவை ஒரு ஹோமில் சேர்த்துவிடலாம் என்பது அவன் கட்சி. "நீ ஒருத்தியா இன்னாக்கா பண்ணுவ?" என்பான். ஹோம் என்ற சொல் காதில் விழுந்ததும் தாயாரம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ரத்னா, "அவ வரமாட்டா. விடு" என்று முடித்துவிடுவாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ஈரத்துணியால் உடம்பு துடைக்க நைட்டிக் கையை ஏற்றினேன். வலது மேல்கையில், முன்னால் ஒரு கன்றிய தடம், பின்னால் நான்கு. பெருவிரலும் மற்ற விரல்களும். அது விழுந்துபோன கை. யாராவது பிடித்தால் இழுத்துக்கொள்ளக்கூட முடியாத கை. இரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறார், லேசாகப் பிடித்தாலே கன்றிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இது லேசான பிடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எழிலரசன் வரும்வரை அந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர்.

தாயாரம்மாளைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். நோட்டில் எழுதினேன்: "வலது மேல்கையில் கன்றிய தடம். காரணம் தெரியவில்லை."

நாற்பது வருடம் நோயாளிகளோடு இருந்தவள் நான். கை ஓங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டால் கட்டில் இடித்தது என்பார்கள். எல்லா வீட்டுக் கட்டிலும் இடிக்கும். மேலே தோண்டினால் அன்றோடு நம்மை நிறுத்திவிடுவார்கள். பிறகு அந்த உடம்பைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே தெரியவில்லை என்று எழுதிவிட்டு, கவனமாக இருப்பேன். அப்படித்தான் அன்றும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போனபோது ரத்னா பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். நோட்டை எடுத்தேன். என் வரிக்குக் கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்து: "காரணம் தெரியும். ஞாயிறு பகல் ஒரு மணிக்கு நான்தான் பிடித்து உலுக்கினேன். ரத்னா."

நின்றபடியே மூன்று முறை படித்தேன். அடித்தவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், என்ன செய்வதென்றும் தெரியும். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்டவரைப் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. முதல் வேலையாக அம்மாவைத் திருப்பிப் போடவேண்டும். அன்று பதினைந்து நிமிடம் தாமதம். அதையும் எழுதியிருக்கிறேன்.

மூன்றே காலுக்கு அவள் வந்து பேனா மூடியைக் கழற்றியபோது முன்னால் போய் நின்றேன்.

"இன்னாத்துக்கு அதை எழுதின? உன் தம்பி ஞாயித்துக்கெழம படிப்பான். அன்னைக்கே வண்டி வெச்சுத் தூக்கினு போயிடுவான்."

"தெரியும்."

"நான் அந்தத் தாளை எடுத்துட்டு வேற எழுதித் தரேன்."

"பக்கத்துக்கு நம்பர் கீது நர்ஸம்மா. நீங்க பொய் எழுதினீங்க. நான் திருத்திட்டேன், அவ்ளோதான்." குரலில் குத்தல் இல்லை. கோணல் தகட்டைக் காட்டுவதுபோலத்தான் சொன்னாள். என் முகம் சுட்டது.

பிறகு தன் நோட்டைத் திருப்பி என் முன் நீட்டினாள். "அம்மாவை உலுக்கினேன். ஏன்? கஞ்சியைத் துப்பினாள். ஏன்? சூடு. ஏன்? ஆற்றாமல் கொடுத்தேன். ஏன்? ரெண்டு மணி ஓ.டி. பஸ்ஸைப் பிடிக்கணும்."

ஐந்தாவது ஏனின் பதிலை விரலால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்களே என்று அந்த சூப்பர்வைசரை நான் எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! அவள் விரலை எடுத்தாள். "ஓ.டி. நான் கேட்டு வாங்கினது. வூட்ல அம்மாவோட இருக்கறதுக்கு அங்க மேல்."

உள்ளே கட்டில் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. தாயாரம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

புதன்கிழமை போனால், கட்டிலின் பக்கக் கம்பியில் ஒன்றரை அடி இடைவெளி விட்டு இரண்டு இடத்தில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. ஏதோ மாட்டிவைக்க என்று நினைத்தேன். மாலையில் கேட்டபோது சொன்னாள். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டாம், தள்ளித் தள்ளி. இரண்டு கையும் இரண்டிலும் அழுந்தியிருந்தால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். "ஒரு கை சும்மா இருந்தா அது போகக்கூடாத எடத்துக்குப் போயிடும் நர்ஸம்மா. எங்க லைன்ல முன்னாடி ஒரு பொண்ணுக்கு ரெண்டு விரல் போச்சு. அப்புறம்தான் ரெண்டு பட்டன் வெச்சாங்க." இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கிடையாது என்றும் எழுதியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு எனக்கு விடுப்பு. ஆனாலும் போனேன். எழிலரசன் வந்து, அம்மா காலைத் தொட்டுவிட்டு, வழக்கம்போல ஆணியிலிருந்து நோட்டை எடுத்தான். அவன் பக்கம் புரட்டும் சத்தம் நின்றது.

"அக்கா, அம்மாவ அடிச்சியா நீ?"

"அடிக்கல. உலுக்கினேன். எழுதிக்கீதே, படி."

"அத்த எழுதி வேற வெச்சுக்கீற!"

"எழுதலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

அவன் என் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"திங்கக்கெழமையே தெரியும் தம்பி. தெரியலன்னு எழுதினேன். அது என் தப்பு."

"நல்லா கீதுமா உங்க ரெண்டு பேர் கத! நாளைக்கே அம்மாவ இட்டுனு போறேன். இனிமே பேச்சே கிடையாது."

ரத்னா அவனோடு வாதாடவில்லை. தன் நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். அந்தப் பக்கத்தை முழுவதும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள், ஐந்தாவது ஏன் உட்பட. அந்த வரியை மட்டும் மறுபடியும் படித்தாள். பிறகு அம்மாவின் இடது கையில் பேனாவை வைத்தாள். "நீ போட்டாத்தான் மூடலாம்மா. போடணும்னு இல்ல."

தாயாரம்மாள் பேனாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். விரல்களை விரித்தார். பேனா கட்டிலில் உருண்டு தரையில் விழுந்தது.

"பாத்தியா, அம்மாவே ஒத்துக்கல" என்றான் எழிலரசன். குனிந்து, குரலைத் தணித்து, "ம்மா, ஹோமுக்குப் போலாமா? நல்லா பாத்துக்குவாங்க, நான் தெனமும் வரேன்" என்றான். தாயாரம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் நிமிர்ந்து என் நோட்டை மறுபடி ஆணியில் மாட்டினான். ரத்னா பேனாவைப் பொறுக்கி, அந்தப் பக்கத்தின் அடியில் 'ஓபன்' என்று எழுதித் தேதி போட்டாள்.

கஞ்சி நேரம் ஆகிவிட்டது. தலைமாட்டை உயர்த்தி, கழுத்தில் துண்டு கட்டி, ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள் ரத்னா. சரியான பதம், நானும் பார்த்தேன். முதல் கரண்டி உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதைத் தாயாரம்மாள் வாயிலேயே வைத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்து, குறி வைத்து, துப்பினார்.

கன்னத்தில் கஞ்சி வழிந்தது. ரத்னா துடைத்துக்கொள்ளவில்லை. கிண்ணத்தை அதன் மஞ்சள் வட்டத்தில் வைத்தாள். இரண்டு கைகளையும் கம்பியில் டேப் சுற்றிய இரண்டு இடங்களிலும் வைத்து, விரல் முட்டிகள் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.