காந்தத்தில் ஒட்டிய வலப்பக்கக் கம்பி

கண்ணையன் 1961 மார்ச் 14 அன்று குருசுக்குப்பத்தில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, முப்பது ஆண்டுகள் மீன்பிடிப் படகுகளின் இன்ஜினைப் பழுதுபார்த்தார். 2005 ஜூனில், காலாப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் காற்றை உறிஞ்சும் பம்பு நின்றுபோனது. கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வர மூன்று நாளாகும் என்றார்கள். யாரோ சொல்லி அழைத்துவந்த கண்ணையன் இரண்டு மணி நேரத்தில் அதை ஓட்டிவிட்டார். அன்றிலிருந்து அங்கேயே வேலை. ஒப்பந்தம் ஒவ்வொரு மார்ச் 31லும் முடியும், பிறகு புதுப்பிப்பார்கள்.

மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டு பிறப்பு இறப்பு எழுதி ஓய்வு பெற்ற நான், அந்தக் கூடத்தின் பதிவுப் புத்தகத்தை எழுதிவந்தேன்.

அங்கே நடந்த வேலையை ஆராய்ச்சி மாணவி இஃப்ஃபத் ஒருநாள் எங்களுக்கு விளக்கினாள். காற்றே இல்லாத எஃகு அறைக்குள் ஒரு வெள்ளித் தகடு. அதன்மேல் கரிம மூலக்கூறுகளைப் படியவிட்டு, உலோக அணுக்களைத் தூவினால், அவை மூலக்கூறுகளை இணைத்து வலையாகிவிடும். ஒவ்வோர் உலோக அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தம் அதே பக்கம் பார்க்கிறதா, எதிர்ப்பக்கம் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி.

"முடிச்சுக்கு முடிச்சு பேசிக்குதா இல்லியான்னு பாக்குறீங்க. நம்ம வலைதான். ஆனா ஒரு மீனும் மாட்டாது" என்றார் கண்ணையன்.

"மாட்டுனா உங்களுக்குத்தாண்ணே மொதல் கூறு" என்று அவள் சிரித்தாள்.

தூவுவதற்கு இரண்டு கம்பிகள் இருந்தன. இடப்பக்கம் இரும்பு, வலப்பக்கம் குரோமியம். ஒரே தடிமன், ஒரே பளபளப்பு. ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இரண்டும் ஆவியாகும்.

2008 அக்டோபர் 7, செவ்வாய். மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை என்பதால் முந்தின மாலையே பூஜை. பராமரிப்புக்காக எஃகு அறை திறந்திருந்தது. ஸ்பானர்களோடு இரண்டு கம்பிகளையும் கண்ணையன் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தார். அழுக்குப் படக்கூடாது என்று பேராசிரியர் விஜயராகவன் சொல்லியிருந்ததால், கம்பிகளைச் சுத்தமான தாளில் கிடத்தி, குங்குமத்தைத் தாளின் ஓரத்தில் மட்டும் வைத்தார். வெள்ளிக்கிழமை வந்து கம்பிகளைத் திரும்பப் பொருத்தினார். "இடம் இரும்பு, வலம் குரோமியம்" என்று நான் எழுதிக் கையெழுத்திட்டேன்.

நவம்பரிலிருந்து வந்த முடிவுகள் எல்லாரையும் திகைக்க வைத்தன. இரும்பு வலை காந்தப் புலத்துக்கு அசையவே இல்லை. குரோமிய வலையோ மொத்தமாக ஒரே பக்கம் திரும்பியது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. நான்கு முறை செய்தும் அதேதான். பெரிய கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுதினார்கள். இஃப்ஃபத்தின் பெயர் முதலில் இருந்தது. பிப்ரவரி 20 அன்று அனுப்புவதாக முடிவாயிற்று.

18ஆம் தேதி, சூடாக்கும் இழை அறுந்துபோனதால் அறையைத் திறந்தார்கள். கண்ணையன் கம்பிகளைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அதன் முனை காந்தம். வலப்பக்கக் கம்பி துள்ளி வந்து அதில் ஒட்டியது.

குரோமியம் ஒட்டாது.

அவர் அதே முனையால் இடப்பக்கக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. கம்பிகளை மெல்ல வைத்துவிட்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். இஃப்ஃபத் அங்கே படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், கம்பி ரெண்டும் மாறிக் கெடக்குது. நான்தான் மாத்திட்டேன். பூஜையில சாமிக்கு எடப்பக்கம் இரும்பு வர்றாப்புல திருப்பி வெச்சேன். எடுக்கும்போது இந்தாண்ட நின்னு எடுத்துட்டேன். எடம் வலமாப் போயிடுச்சு."

விஜயராகவன் புத்தகத்தைப் புரட்டினார். "இதுல சரியா எழுதியிருக்கே, கண்ணையா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கண்ணையன் பேசாமல் இருந்திருக்கலாம். ஒப்பந்தம் முடிய நாற்பத்தோரு நாள்தான் இருந்தது.

"புத்தகம் இரும்புன்னு சொல்லும் சார். காந்தம் ஒட்டலியே."

இஃப்ஃபத் எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள். "நாலு மாசம்ணே" என்றாள்.

கம்பியைப் பார்த்து நான் எழுதவில்லை. போன ஆண்டுப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். அதையும் அங்கேயே சொன்னேன். மேரியில் ஒரு பிறப்புத் தேதியைக்கூட நான் அப்படி எழுதியதில்லை. அன்று மாலை நாற்பத்தேழு பதிவுகளைச் சிவப்பு மையால் அடித்தேன்.

கட்டுரை போகவில்லை. மார்ச்சில் சரியான கம்பிகளோடு திரும்பச் செய்தார்கள். இரும்பு வலை ஒரே பக்கம் திரும்பியது, குரோமிய வலை அசையவில்லை. எல்லாரும் முதலில் எதிர்பார்த்ததுதான். மார்ச் 31 அன்று நிர்வாகம் கண்ணையனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னுடையதைப் புதுப்பித்தது.

ஏப்ரல் 9 காலை இஃப்ஃபத்தும் நானும் குருசுக்குப்பம் போனோம். படகு இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தவரின் கால்கள்தான் தெரிந்தன.

"கண்ணையண்ணே, பம்பு கத்துது."

"எப்படிக் கத்துது?"

அவள் தொண்டையால் கத்திக் காட்டினாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"பேரிங் போயிடுச்சு. கம்பெனி ஆளக் கூப்டுங்க."

"மூணு நாள் ஆகுமாம். சார் நிர்வாகத்துல சண்டை போட்டு உங்க ஒப்பந்தப் பேப்பர வாங்கிட்டாரு. நீங்க வரலன்னா எந்த முடிவையும் நம்ப மாட்டேன்னு நானும் எழுதிக் குடுத்துட்டேன்."

பிறகு கண்ணையன் வெளியே வந்தார். கையைத் துடைத்தார். அவள் நீட்டிய தாளை வாங்கவில்லை. "நீங்க படிங்க பெரியவரே" என்றார் என்னிடம். "இந்தத் தடவ பாத்துப் படிங்க."