நான் எழுதிய நவுரு

நவுரு என்ற பெயரை நான் முதலில் கேள்விப்பட்டது ஐந்தாம் வகுப்பில். பசிபிக் நாடுகளைப் பற்றி ஆளுக்கொரு சுவரொட்டி செய்ய வேண்டும் என்று சொல்லி, ஆசிரியை பெயர்களைத் துண்டுகளில் எழுதி ஒரு தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார். என் சிநேகிதிக்கு ஃபிஜி வந்தது. அவள் விடுமுறைக்கு அங்கே போய் வந்தவள். எனக்கு வந்த நாட்டை உலகப்படத்தில் காட்ட ஆசிரியைக்கே மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து குசினியில் நின்ற அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை நிறுத்தினார்.

"உது வேண்டாம். ரீச்சரிட்டச் சொல்லி வேற நாடு மாத்து."

ஏன் என்று கேட்டதற்கு, அம்மா முன்னறைக் கதவைத்தான் பார்த்தார்.

அது மாமாவின் அறை. அம்மாவின் தம்பி. விடியமுன் மெல்பேர்ன் ஓரத்துக் கிரான்பர்னுக்கு வெளியே இருந்த மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய், பின்னேரம் வந்து குளித்துச் சாப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். மாமியும் அவர்களுடைய மகளும் வன்னியில் ஷெல் விழுந்து செத்துப்போனார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மச்சாளுக்கு என் வயது என்பதும் தெரியும். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

கதவு திறந்தது.

"விடுங்கோ அக்கா. நான் சொல்லிக் குடுக்கிறன். நான் இருந்த இடம்தானே."

படகில் அகதிகளாக வந்தவர்களை ஆஸ்திரேலியா அங்கே கொண்டுபோய் முகாமில் அடைத்து வைத்திருந்தது என்பதை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அன்று, மாமா வேலை விஷயமாக அங்கே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் மாமா பேசினார். வரவேற்பறைத் தரையில் என்னோடு குந்தியிருந்து, மட்டையில் தீவை வரைந்தார். "நாட்டைச் சுத்தி ஒரு ரோட்டுத்தான் பிள்ளை. நடந்துகொண்டே போனா, வெளிக்கிட்ட இடத்திலயே வந்து நிப்பாய்." விமானம் இறங்கும்போது அந்த ரோட்டில் கார்களை மறித்துவிடுவார்களாம். உரத்துக்காக நடுநிலம் முழுவதையும் தோண்டி விற்று ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்களாக இருந்தார்களாம். தோண்டித் தீர்ந்தபின் எஞ்சியது பல்லுப்போல நிற்கும் கற்கள்தான். சனம் எப்படி என்று கேட்டேன். "நல்ல சனம். ஞாயிறு சேர்ச் பூசையில உரத்துப் பாடுவினம்." சாப்பாடு? "எங்களுக்கு எப்பவும் சோறும் கோழியும்." தேசிய உணவு, சோறும் கோழியும் என்று எழுதிக்கொண்டேன். மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

சுவரொட்டியில் கடைசியாக ஒரு கட்டம் மிஞ்சியிருந்தது.

"மாமா, அங்க பெஸ்ட் திங் என்ன?"

வெகுநேரம் யோசித்தார். "போன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய, போனுக்கு வரிசையில் நிற்பாராம். வன்னியில் மாமி மச்சாளைக் கூட்டிக்கொண்டு ஒரு தொலைபேசிக் கடையில் காத்திருப்பாவாம். "அவளுக்கு முன்பல்லு விழுந்திட்டுது. கதைச்சா பாதி காத்தாத்தான் வரும். தீவில சிங்கம் இருக்கோ எண்டு கேட்டாள். நண்டுதான் இருக்கு எண்டு சொல்ல, அழுதிட்டாள்." பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வர அனுமதி கிடைத்தது. மெல்பேர்னுக்கு வந்து மாமா போன் எடுத்தபோது சண்டை கூடி, அந்தக் கடையே இருக்கவில்லை. அதன்பிறகு செய்திதான் வந்தது.

"போன் எல்லா நாட்டிலயும் இருக்குத்தானே மாமா," என்றேன்.

மாமா மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம். கடல் எண்டு எழுது பிள்ளை. கடலும் வடிவுதான்."

கடல் என்று எழுதி நீலம் தீட்டினேன்.

பெற்றோர் வரும் நாளில் மாமாவும் வேலைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். நான் பேசி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். என் மாமா அங்கே வாழ்ந்தவர் என்று நான் பெருமையாகச் சொல்லியிருந்ததால், ஆசிரியை அவரைப் பார்த்து, மறுபடி அங்கே போக விருப்பமா என்று அன்பாகக் கேட்டார்.

"யெஸ்," என்றார் மாமா, கொஞ்சமும் யோசிக்காமல்.

பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் மாறியது. கார் ஏறும்வரை பொறுத்திருந்தார்.

"அந்த நரகத்துக்கோ? சாகவேணும் எண்டு எத்தினை தரம் எனக்குப் போனில அழுதனீ. இப்ப போகப்போறியோ? உனக்கென்ன விசரா தம்பி?"

மாமா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நான் அங்க இருக்கேக்க அவள் இருந்தவள் அக்கா."

அம்மா காரை ஓட்டவில்லை. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மாமா அவருடைய முதுகில் கையை வைத்தபடி இருந்தார். பின் இருக்கையில் சுவரொட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரே குழப்பம். மச்சாள் வன்னியிலிருந்துதானே மாமாவோடு போனில் பேசினாள். அவள் எப்போது நவுருவுக்குப் போனாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.